மடக்குக்கத்தியும் தக்காளித் தோலும்

கத்தியின் குணத்தைக் காட்டிக்கொடுப்பதில் பழுத்த தக்காளிக்கு இணை கிடையாது. அதன் வழவழப்பான தோல் அழுத்தினால் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். அதற்கடியில் விரல் பட்டாலே குழையும் சதை. மழுங்கிய கத்தியை வைத்து அழுத்தினால் தோல் அப்படியே இருக்க, உள்ளே இருப்பது நசுங்கிச் சாறாக வழியும். வீட்டுச் சமையலறை என்றால் வேறு கத்தியைத் தேடலாம். ஆற்றங்கரையில் கல் கூட்டி அடுப்பு மூட்டியவருக்கோ, பையில் இருப்பதுதான் கத்தி.

இப்படி வெட்டவெளியில் சமைத்து உண்பதை விடுமுறை இன்பமாகக் கொண்டவர்கள் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நிறைய உண்டு. அவர்களில் பலர் மடக்குக்கத்திப் பிரியர்கள். பழைய கத்திகளைத் தேடிச் சேர்க்கிறார்கள். தினமும் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வெளியே கிளம்புகிறார்கள். முகாமில் வெங்காயம் நறுக்கவும் அதையே எடுக்கிறார்கள். அவர்களுடைய சேகரிப்பில் டைட்டானியம் பிடி, அபூர்வ உலோகக் கலவை, ஒரே விரலால் திறக்கும் அமைப்பு என்று விலை உயர்ந்த கத்திகள் இருக்கும். ஆனால் நறுக்குப்பலகைமுன் உட்கார்ந்ததும் அவற்றில் பல திணறுகின்றன. மரப்பிடி போட்ட எளிய பிரெஞ்சுக் கத்தி ஒன்று அதே காயைச் சிரமமில்லாமல் நறுக்கிவிடுகிறது. சமையல் என்று வந்துவிட்டால், எஃகின் பெயரையும் விலையையும்விட அலகின் மெல்லிய உடம்புக்கே முதலிடம். இது பழமைப் பற்றால் சொல்லும் பேச்சு அல்ல. இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது.

அந்தப் பிரெஞ்சுக் கத்தியின் பெயர் ஓப்பினெல். ஆல்ப்ஸ் மலையின் சவாய் பகுதியில், உழவுக் கருவிகள் அடித்துக்கொடுத்த குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஓப்பினெல் 1890இல், தம் 18ஆம் வயதில், இதைச் செய்தார். 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் விற்கத் தொடங்கினார். இன்று பலர் கையில் இருப்பது 8ஆம் எண். அலகு 8.5 செ.மீ. நீளம், முதுகுப் பக்கத் தடிமன் 2 மி.மீ.க்கும் குறைவு. பீச் மரப்பிடி, அலகு, இரண்டையும் கோக்கும் சுழலாணி, அதைச் சுற்றி ஓர் உலோகப் பட்டை, 1955இல் மார்செல் ஓப்பினெல் சேர்த்த பூட்டு வளையம் என மொத்தம் ஐந்தே பாகங்கள்.

காயை நறுக்கும்போது கத்தி இரண்டு வேலைகளைச் செய்கிறது. கூர்விளிம்பு வெட்டைத் தொடங்கி வைக்கிறது. அதன் பின்னால் வரும் அலகு, திறந்த பிளவை இருபுறமும் விலக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. கூர்மையைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். விலக்கும் வேலையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

முதலில் கூர்மை. விளிம்பின் அகலம் 1 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இது தலைமுடித் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் போகாது. அந்த விளிம்பில் ஒரு செ.மீ. நீளம் காயைத் தொடுகிறது. கை ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. அப்படியானால் விளிம்புக்கு அடியில் உண்டாகும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்திருக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு. தக்காளித் தோல் அதைத் தாங்காது. அதே விளிம்பு தேய்ந்து 20 மைக்ரோமீட்டர் அகலமாகிவிட்டால் அழுத்தம் 20இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதை ஈடுகட்டக் கை இன்னும் அழுத்தும். அழுத்திய வேகத்தில் கத்தி வழுக்கும். மழுங்கிய கத்திதான் விரலை வெட்டும் என்று சமையல்காரர்கள் சொல்வது இந்தக் கணக்கால்தான்.

விலக்கும் வேலையைப் பார்க்கத் தக்காளி உதவாது, கேரட் வேண்டும். தடித்த அலகு கேரட்டில் பாதி இறங்குவதற்குள் ‘டக்’கென்று ஓசை வரும். அங்கே கத்தி வெட்டவில்லை. அதன் தடிமன் ஆப்பாக வேலை செய்து, விளிம்புக்கு முன்னால் கேரட்டைப் பிளந்துவிட்டது. வெட்டுமுகம் சொரசொரப்பாக இருக்கும். துண்டு ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் வரும். 4 மி.மீ. தடிமனுள்ள அலகை எவ்வளவு தீட்டினாலும் இது மாறாது. விளிம்பு எளிதாக இறங்கும், உடம்பு மாட்டிக்கொள்ளும். நெம்புவதற்கும், கயிறும் அட்டைப்பெட்டியும் அறுப்பதற்கும், முரட்டு வேலைக்கும் தடிமன் நல்லது. சந்தையில் இன்று வீரமாகத் தோற்றமளிக்கும் மடக்குக்கத்திகள் பலவும் அந்த வேலைகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றைச் சமையலுக்கு இழுத்துவந்து குறை சொல்வதில் நியாயமில்லை. ஆனால் சமையலுக்கென்றே வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது எஃகின் பெயரை அல்ல, கூர்விளிம்பை ஒட்டிய இடம் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை.

நேராக அழுத்துவதைவிட முன்னும் பின்னும் இழுத்து அறுத்தால் எளிதாக வெட்டுகிறது என்பது கத்தி பிடித்த எல்லாருக்கும் தெரியும். ஏன் என்பதற்கு விளக்கம் தேடியவர்கள் உண்டு. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி அட்கின்ஸ் 2004இல் வெளியிட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள்கள் செடார் பாலாடைக்கட்டியும் சலாமி இறைச்சியும். அழுத்தும் வேகத்தோடு ஒப்பிட இழுக்கும் வேகம் கூடக்கூட, கீழ்நோக்கிக் கொடுக்கவேண்டிய விசை வேகமாகக் குறைவதை அவர் குழு காட்டியது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியரான எல். மகாதேவனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2012இல் அகர் களியைக் கம்பியால் வெட்டிப் பார்த்தார்கள். நேராக அழுத்தும்போது களி முழுவதும் அமுங்கி உருமாறிய பிறகுதான் பிளவு தொடங்குகிறது. பக்கவாட்டில் இழுக்கும்போது உருமாற்றம் மிகக் குறைவாக இருக்கும்போதே பிளவு தொடங்கிவிடுகிறது. தக்காளி நசுங்காமல் நறுக்கப்படுவதன் ரகசியம் இதுதான். மடக்குக்கத்தியின் அலகு சுமார் 8 செ.மீ. மட்டுமே என்பதால் இழுக்க இடம் குறைவு. பழகியவர்கள் அலகின் அடிப்பகுதியைக் காயின்மேல் வைத்துத் தொடங்கி, நுனிவரை ஒரே இழுப்பில் முழு நீளத்தையும் பயன்படுத்துவார்கள்.

வெங்காயத்திலும் இதே கதைதான், கண்ணீர் மட்டும் கூடுதல். வெங்காயத்தின் செல்கள் உடையும்போது, தனித்தனி அறைகளில் இருந்த நொதியும் கந்தகச் சேர்மமும் கலந்து கண்ணை எரிக்கும் வாயுவை உண்டாக்குகின்றன. மழுங்கிய கத்தி செல்களை வெட்டாமல் நசுக்குகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அதிவேகப் படமெடுத்துக் காட்டியது இன்னொரு சேதி. மழுங்கிய அலகின் கீழ் வெங்காயத் தோல் முதலில் வளைந்து அழுத்தத்தைச் சேர்த்து வைக்கிறது. கிழியும் நொடியில் சாறு துளிகளாகப் பீய்ச்சி அடிக்கிறது. கூரான கத்தியால் மெதுவாக வெட்டினால் துளிகளின் எண்ணிக்கையும் வேகமும் குறைகின்றன. காற்றடிக்கும் திறந்த வெளியில் குனிந்து நறுக்குபவருக்கு இது வெறும் ஆய்வகச் செய்தி அல்ல.

இனி எஃகுக்கு வரலாம்.

இரும்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான கார்பன் சேர்ந்தாலே அது வேறு பொருளாகிவிடும். ஓப்பினெலின் கார்பன் எஃகில் அது சுமார் 0.9 சதவீதம். அதை ஏறத்தாழ 800 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சும்போது இரும்பணுக்கள் தங்கள் அடுக்கை மாற்றிக்கொண்டு கார்பனுக்கு இடம் விடுகின்றன. சட்டென்று குளிரவைத்தால், வெளியேற நேரமில்லாமல் கார்பன் சிக்கிக்கொள்கிறது. அடுக்கு முறுக்கேறி, மார்ட்டென்சைட் என்னும் மிகக் கடினமான வடிவம் பிறக்கிறது. அதே நிலையில் விட்டால் கீழே விழுந்தாலே உடையக்கூடும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் வைத்து முறுக்கைக் கொஞ்சம் தணிப்பார்கள். கொல்லர்கள் பதம் என்று சொல்வது இந்தச் சமநிலையைத்தான். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனம் தன் அலகுகளை 1040 டிகிரியில் காய்ச்சிக் குளிர்வித்து, 160 டிகிரியில் பதம் பார்த்து, ராக்வெல் கடினத்தன்மை அளவில் 56க்குக் கொண்டுவருவதாகச் சொல்கிறது. ஜப்பானியச் சமையல் கத்திகள் பல 60ஐத் தாண்டும்.

அப்படியானால் 56 மட்டமா? அடுப்பங்கரையில் அசையாமல் இருக்கும் கத்திக்கு 60 அருமை. முகாமில் கத்தி எலும்பில் படும், எவர்சில்வர் தட்டில் உரசும், மண் ஒட்டிய கிழங்கில் இறங்கும். கடினமான எஃகு அங்கே சில்லுச் சில்லாகப் பெயரும். மென்மையானது கூர் மடங்கும். மடங்கியதை ஒரு சிறு சாணைக்கல்லில் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். கல் இல்லாவிட்டால் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மெருகு பூசாமல் விட்ட வளையத்தில் தீட்டலாம். பிறகு இடுப்புத் தோல்வாரில் நாலு இழுப்பு. வனேடியம் மிகுந்த புதுவகை எஃகுகளுக்கு அந்தக் கோப்பை போதாது. அவற்றிலுள்ள வனேடியம் கார்பைடு துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லின் மணிகளைவிடக் கடினமானவை. வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மை. போனால் திரும்பக் கொண்டுவருவது சிரமம் என்பதும் உண்மை.

கூர் ஏன் போகிறது என்ற கேள்விக்கு அண்மையில் ஓர் அழகான விடை கிடைத்தது. எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான தலைமுடி, சவர அலகை எப்படி மழுங்கடிக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜியான்லூக்கா ரோஷியோலி, ஜெம் தாசன் இருவரும் குழுவினரும் மின்னணு நுண்ணோக்கிக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்து, 2020இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். விளிம்பு சீராகத் தேயவில்லை. அங்கங்கே சில்லு பெயர்கிறது. முடி வளைந்து, அலகு சாய்ந்த கோணத்தில் அதைச் சந்திக்கும்போது, எஃகின் நுண்ணமைப்பில் கடின இடமும் மென்மையான இடமும் அடுத்தடுத்து அமைந்த புள்ளியில் தகைவு குவிந்து சில்லு உடைகிறது. சமையல் கத்திக்கும் இதில் பாடம் உண்டு. வெட்டும்போது அலகை நேராக இறக்கவேண்டும், பக்கவாட்டில் முறுக்கக்கூடாது. நறுக்கிய கீரையைக் கூர்விளிம்பால் வழித்துத் தள்ளாமல் முதுகால் தள்ளவேண்டும். இந்தச் சிறு பழக்கம் ஒன்றே கூரின் ஆயுளை நீட்டும்.

துருப்பிடிக்காத எஃகின் கதையில் தமிழ்நிலத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அது பலருக்குத் தெரியாமலே போயிற்று. கொங்கு நாட்டுக் கொடுமணலிலும் தென்னிந்தியாவின் வேறு இடங்களிலும் மூசையில் உருக்கிச் செய்த எஃகு, ஐரோப்பியர்கள் ‘ஊட்ஸ்’ என்று அழைத்தது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டன் அறிஞர்கள் கைக்குப் போனது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர், பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில் ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இதையே தாம் விரும்புவதாகத் தம் விளம்பர அட்டையில் அச்சிட்டார். அவரும் இளம் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து அந்த எஃகின் ரகசியத்தைத் தேடிப் பல உலோகங்களை எஃகோடு கலந்து பார்த்தார்கள். 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வழியில் தொடர்ந்த பிரான்சின் பியேர் பெர்த்தியே 1821இல் குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்ப்பதைக் கண்டு, கத்திகளுக்கு இது பொருந்தும் என்று எழுதினார். ஆனால் அவருடைய கலவையில் கார்பன் அதிகம், நொறுங்கியது. துப்பாக்கிக் குழாய்க்குத் தேய்மானம் தாங்கும் எஃகைத் தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஹாரி பிரியர்லி, 1913இல் 12.8 சதவீதம் குரோமியம் கொண்ட கலவையை வார்த்தபோதுதான் பெர்த்தியே நினைத்தது கைகூடியது.

தமிழ்நிலத்திலிருந்து ஷெஃபீல்டுக்குப் போன இன்னொரு இழையும் உண்டு. சென்னை மாகாண அரசுப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்து இரும்புத் தாதுவை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். பின்பு இங்கிலாந்து திரும்பி, வார்ப்பெஃகில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். கத்தித் தொழிலுக்குத் தேவையான எஃகு அதனால் மலிந்தது. ஷெஃபீல்டின் உற்பத்தியாளர்கள் காப்புரிமைக்குச் சுற்றுவழி கண்டுபிடித்துக்கொண்டார்கள். ஹீத்தின் கடைசி ஆண்டுகள் அதை எதிர்த்த வழக்குகளிலேயே கழிந்தன.

துருப்பிடிக்காத எஃகிலுள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தைப் போடுகிறது. கீறினால் தானே மூடிக்கொள்ளும். உப்பு மட்டும் அதற்குப் பகை. கடற்கரை முகாமில் மீன் அறுத்துவிட்டுக் கழுவாமல் மடக்கி வைத்தால் துருப்பிடிக்காத எஃகிலும் சிறு குழிகள் விழும். கார்பன் எஃகுக்கு அந்தப் படலமே இல்லை. எலுமிச்சையும் வெங்காயமும் பட்டதும் சாம்பல், நீலம், கருப்பு என நிறம் ஏறும். இரும்பின் ஆக்சைடுகளும் காய்கறிகளின் டானின்களோடு இரும்பு சேர்ந்த கருஞ்சேர்மங்களும் படிவதால் வரும் நிறம் அது. செந்துருவைப்போல் அரிக்காமல், ஓரளவு காப்பாகவும் இருக்கும். சேகரிப்பாளர்களில் சிலர் அலகை உருளைக்கிழங்கில் ஓரிரவு செருகி வைத்தோ, கடுகுக் குழம்பைப் புள்ளி புள்ளியாகத் தடவியோ இந்த நிறத்தை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். வெட்டிய காய்களின் தடயமே அலகின் நிறமாக மாறுவதால், ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த இரண்டு கார்பன் எஃகுக் கத்திகள் ஓராண்டில் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே கத்தியை அவர்கள் திரும்பத் திரும்ப எடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

வெளிச்சமையல்காரர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழை மட்டும் பார்க்கவே மனம் பதறும்: கத்தி நுனியால் தணலைக் கிளறுவது, இறைச்சித் துண்டைக் குத்தித் தீயின்மேல் காட்டுவது. தணலின் சூடு 600 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அலகின் பதமோ 160 முதல் 250 டிகிரிக்குள் அமைந்தது. அதைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரியும் உள்ளே சிக்கிய கார்பனுக்கு வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது. மிக மெல்லிய பாகமான கூர்விளிம்புதான் முதலில் சூடேறும்; அதுவே முதலில் மென்மையாகும். கார்பன் எஃகில் சேதத்தை நிறம் காட்டிவிடும். சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 280ஐ ஒட்டி ஊதா, 300ஐ நெருங்கும்போது நீலம். ஆக்சைடு படலம் தடிப்பேறும்போது ஒளி அலைகள் குறுக்கிடுவதால் வரும் நிறங்கள் இவை. பழைய கத்தி வாங்குபவர்கள் நுனியில் நீலம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பது அதனால்தான். நீலம் ஏறிய இடத்தை எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

மடக்குக்கத்திக்கே உரிய தொல்லை அதன் மூட்டில் இருக்கிறது. நேர்க்கத்தியை ஒரு துடைப்பில் சுத்தம் செய்துவிடலாம். மடக்கியதில் பிடியின் பள்ளத்துக்குள் வெங்காயச் சாறும் இறைச்சிக் கொழுப்பும் போய் உட்காரும். பச்சைக் கோழியை வெட்டிய கத்தியை வெறுமனே துடைத்து மடக்கினால், ஈரமும் இருட்டும் உணவும் சேர்ந்த இடம் கிருமிகளுக்குக் கிடைத்துவிடும். சோப்பு நீரில் பல்துலக்கும் பிரஷ் கொண்டு பள்ளத்தைத் தேய்த்து, விரித்த நிலையில் உலர்த்தி, சுழலாணியில் ஒரு துளி எண்ணெய் விடவேண்டும். உணவுத் தரக் கனிம எண்ணெய் உகந்தது. சமையல் எண்ணெய் நாளடைவில் காற்றோடு சேர்ந்து பிசினாகி மூட்டை இறுக்கும்.

மரப்பிடிக்கு இன்னொரு பழக்கம் உண்டு: தண்ணீர் குடித்து வீங்கும். மரச்செல்களின் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி விரிவதால், மழையில் நனைந்த ஓப்பினெலின் அலகு பிடிக்குள் சிக்கி வெளியே வர மறுக்கும். சவாய் மக்கள் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால், அலகு சற்றே எகிறி நகத்துக்கு அகப்படும். சேகரிப்பாளர்கள் புதுக் கத்தி வாங்கியதும் ஆளிவிதை எண்ணெயில் மரத்தை ஊறவைத்து இந்த வீக்கத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள்.

மடக்குக்கத்தியின் வரலாறும் சாப்பாட்டோடுதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் கிடைத்த, எலும்புப் பிடி கொண்ட மடக்குக்கத்தி கி.மு. 600–500 காலத்தது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் கி.பி. 3ஆம் நூற்றாண்டின் ரோமானிய மடக்குக் கருவி ஒன்று இருக்கிறது. வெள்ளிப் பிடியில் கரண்டி, முள்கரண்டி, இரும்புக் கத்தி, முள், சிறு தட்டைக்கோல் எல்லாம் மடங்கிக் கிடக்கின்றன. நத்தையின் சதையை ஓட்டிலிருந்து எடுக்க அந்த முள் பயன்பட்டிருக்கலாம் என்று கருதுகிறார்கள். வழிப்பயணத்தில் நன்றாகச் சாப்பிட விரும்பிய ஒருவரின் பொருள் அது.

விக்டோரினாக்ஸின் புகழுக்கும் தொடக்கம் ராணுவச் சாப்பாட்டில்தான். சுவிஸ் ராணுவம் 1890இல் வகுத்த வீரர் கத்தியில் அலகோடு தகரடப்பா திறப்பானும் துளையூசியும் திருப்புளியும் இருந்தன. டப்பா உணவுக்குத் திறப்பான். அப்போது புதிதாக வந்த துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி. முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனில் செய்யப்பட்டன. விக்டோரினாக்ஸின் நிறுவனர், இபாக் ஊரின் கார்ல் எல்செனர் 1891இல் சுவிட்சர்லாந்திலேயே செய்து கொடுக்கத் தொடங்கினார். 1897இல் அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில் இரண்டாவது சிறு அலகும் திராட்சை மதுப் புட்டியின் தக்கையைத் திருகி எடுக்கும் சுருளும் சேர்ந்தன. உலகம் இன்று சுவிஸ் ராணுவக் கத்தி என்று அறிவது அதன் வழித்தோன்றல்களை.

ஜப்பானின் ஹிகோனோகாமிக்குப் பூட்டும் கிடையாது, வில்லும் கிடையாது. மடித்த தகட்டால் ஆன பிடி. அலகின் வாலில் நீண்டிருக்கும் ஒரு சிறு நெம்புகோல். அதைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும்வரை அலகு விரிந்து நிற்கும். ஹியோகோ மாநிலத்தின் மிகி நகரில் 1890களில் பிறந்தது. நல்ல வகைகளில் நடுவில் கடினமான கார்பன் எஃகும் இருபுறமும் மென்மையான இரும்புமாக மூன்று அடுக்கு இருக்கும். விளிம்புக்குக் கடினம், உடம்புக்குத் தாங்கும் தன்மை, தீட்டுவதற்கும் எளிது. ஒரு காலத்தில் ஜப்பானியச் சிறுவர்கள் பென்சில் சீவியது இதில்தான். 1960இல் அரசியல் தலைவர் இனெஜிரோ அசனுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம் என்ற இயக்கம் பரவியது. பள்ளிப்பைகளிலிருந்து ஹிகோனோகாமி மறைந்தது, பட்டறைகள் பலவும் மூடப்பட்டன. இன்று அதை வாங்கிப் போற்றுபவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களும் முகாம் சமையல்காரர்களும். ஒரு கைத்தொழில் முற்றிலும் அழியாமல் நிற்பதற்கு இவர்களுடைய பற்று துணை நிற்கிறது என்பது இந்தப் பொழுதுபோக்கை மதிக்கப் போதுமான காரணம்.

சேகரிப்பு என்று வந்தால் அலகின் அடியில் பொறித்த முத்திரையே வரலாற்று ஏடு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இயங்கும் கேஸ் நிறுவனம் 1970இல் தன் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் இட்டது; பிறகு ஆண்டுக்கு ஒரு புள்ளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஏழு புள்ளிகள் தெரிந்தால் அது 1973ஆம் ஆண்டுக் கத்தி. ஓப்பினெலில் எண்களே தேடலைத் தூண்டும். 1ஆம் எண்ணும் 11ஆம் எண்ணும் 1930களில் நிறுத்தப்பட்டதால், பன்னிரண்டையும் பழைய வரிசையில் சேர்ப்பது எளிதான காரியமல்ல.

கத்தியைப் பையில் வைத்து நடமாடுவதற்குச் சட்டம் எங்கும் ஒன்றல்ல. இந்தியாவின் ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் என்று செய்யப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க 2008 முதல் தடை. விமானத்தில் கைப்பையில் கத்தி கூடாது. சரக்குப் பெட்டிக்குப் போகும் பையில்தான் வைக்கவேண்டும். அமெரிக்கா 2013 மார்ச்சில் 6 செ.மீ.க்கு உட்பட்ட சிறு கத்திகளை விமானத்துக்குள் அனுமதிக்க முனைந்தது. பணியாளர்களின் எதிர்ப்பால் ஜூன் மாதத்திலேயே அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். ஆனால் விரிந்த அலகு பூட்டிக்கொண்டால் நீதிமன்றங்கள் அதை மடக்குக்கத்தியாகவே ஏற்பதில்லை. அதனால் வளையப் பூட்டுள்ள 8ஆம் எண் ஓப்பினெலைப் பொது இடத்தில் வைத்திருக்க முகாமுக்குப் போவதுபோன்ற தக்க காரணம் தேவை. அன்றாடம் கத்தி கொண்டுபோகும் பிரிட்டிஷ்காரர்கள் பலர் விக்டோரினாக்ஸின் பூட்டில்லாத வில்தகடு வகைகளையோ 5ஆம் எண் ஓப்பினெலையோ எடுத்துக்கொள்கிறார்கள். 5ஆம் எண்ணின் அலகு 6 செ.மீ.; பூட்டு வளையம் கிடையாது; ரொட்டிக்கும் காளானுக்கும் பாலாடைக்கட்டிக்கும் அந்த நீளம் தாராளம். பூட்டில்லாத கத்தியில் நுனியால் குத்துவதும், முதுகுப் பக்கம் அழுத்தம் விழும்படி திருப்புவதும் அலகை விரல்மேல் மடக்கிவிடும். அதனால் ஆப்பிள் நடுவிலுள்ள விதைப்பகுதியைக் குடைந்தெடுக்க வேண்டியிருந்தால், பழத்தை முதலில் நான்காக அறுத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் விளிம்பை வெளிப்பக்கம் பார்த்து ஓட்டுவது அவர்கள் வழக்கம்.